சோக்கின் அக்கறை

ஒரு பழைய பெட்ரோல் லாரியின் ஆறு சிலிண்டர்களையும் கடைந்து அகலமாக்கினார்கள். மறுநாள் காலைக் குளிரில் இன்ஜின் கிளம்ப மாட்டேன் என்றது. கார்புரேட்டரின் வாயில் இருந்த சோக் என்ற மூடி, வழக்கம்போலக் காற்றை மறித்து, பெட்ரோலைக் கூடுதலாக ஊட்டி அதைக் கிளப்பிவிட்டது. சோக்குக்குப் பெருமை பிடிபடவில்லை.

மலையடிவாரம் வருவதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது; இனி சோக் திறந்துகொள்ள வேண்டிய நேரம்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. இப்ப எனக்கு முன்னைவிடக் காத்து நிறைய வேணும். மூச்சு முட்டுது" என்றது இன்ஜின்.

"நேத்துதான் கடைஞ்ச உடம்புடா தம்பி, காத்துப் பட்டா ஆகாது" என்று சோக் இன்னும் இறுக மூடிக்கொண்டது.

இன்ஜின் இருமியது, கரும்புகை கக்கியது, ஏற்றத்தின் நடுவே நின்றேபோனது.

சோக் பெருமூச்சு விட்டது. "நான் பொத்திப் பொத்தி வச்சும் இப்படி ஆயிடுச்சே! விட்டிருந்தா பய என்ன ஆகியிருப்பானோ!"