பன்னீர்ச் செம்பு

செராமிக் தகடு வைத்த ஸ்ட்ரெய்ட்னர்தான் வேண்டும், அதில்தான் சூடு சமமாகப் பரவும் என்று கடையில் அடம்பிடித்து வாங்கியவள் அண்ணி. யாழரசியின் உலர்ந்த சுருட்டை முடியைச் சிறு கற்றைகளாகப் பிரித்து, தகடுகளுக்கு நடுவே ஒரே சீராக இழுத்தாள். நடுவில் நின்றால் அந்த இடம் கருகிவிடும். முடிக்குள் கண்ணுக்குத் தெரியாத பிடிகள் இருக்கின்றன. அவைதான் அதைச் சுருட்டி வைக்கின்றன. சூடு பட்டால் அந்தப் பிடிகள் விட்டுப்போகும். ஈரம் பட்டால் பழையபடி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்.

"நாம அனுப்பின போட்டோல உனக்கு நேரான முடி. உனக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளையோட அம்மா இன்னைக்கு இந்தக் கல்யாணத்துக்கு வர்றதே உன்னப் பாக்கத்தான். தலைய நனைச்சுடாத."

"அப்புறம் தினமும் யாரு அண்ணி இழுத்துவிடுவா?"

"தாலி ஏறட்டும். அப்புறம் யாரு முடியப் பாக்குறா? உங்கண்ணன் என்னப் பாக்குறாரா?"

மண்டப வாசலில் பெண் வீட்டுக்காரி ஒருத்தி பன்னீர்ச் செம்போடு நின்றாள்.

"இவளுக்குச் சளி, தெளிக்காதீங்க," என்று அண்ணி முந்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முன்வரிசையில பச்சைப் புடவை. அவங்கதான்," என்றாள்.

பச்சைப் புடவைக்காரி திரும்பிப் பார்த்தாள். யாழரசி அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். பிறகு செம்பின் முன் குனிந்து தலையைக் காட்டினாள். குளிர்ந்த துளிகள் வகிட்டில் விழுந்தன. நெற்றியோரம் ஒரு கற்றை மெல்ல வளையத் தொடங்கியது.

"இன்னும் கொஞ்சம் தெளிங்கக்கா," என்றாள்.