கட்டி கேட்ட பேச்சு

மானுட குலம் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு இது: மூளைப் புற்றுக்கட்டியின் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ‘வளரு’ என்ற சமிக்ஞையை இனி ‘நிறுத்து’ என்ற ஒரே சொல் மறித்துவிடும். சொல்கிறவர் குரலுக்கு நோயாளி வாழ்நாளில் ஒருமுறையாவது கீழ்ப்படிந்திருந்தால் போதும்.

முன்னாள் துணைவேந்தர் அறவாழியின் தலைமாட்டில் அவர் மனைவி குமுதவல்லி காலையிலிருந்து, “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் கட்டி வளர்ந்துகொண்டே போனது.

“ஒரு தடவைகூட அம்மா பேச்சைக் கேட்டதில்லையா சார்?” என்றார் டாக்டர்.

குமுதவல்லி முந்திக்கொண்டார்.

“முப்பத்தெட்டு வருஷத்துல இவரு கேட்டது ஒரே ஒரு பொம்பளை பேச்சைத்தான் டாக்டர். கார்ல வழி சொல்லுமே, அது. அதைச் சொல்ல வெச்சுப் பாருங்க.”

சொல்ல வைத்தார்கள். அறவாழி போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

கட்டி நின்றுவிட்டது.