பிரிக்காத உறைகள்

செவ்வாய்க் கிரகத்துக்கு முதன்முதலில் போனவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேர்ப்பதென்றால் கதிரேசனுக்கு உயிர். உறை பிரிக்காத கடிதத்துக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு. அந்த முதல் குழுவில் போயிருந்த அவர் மனைவி ஆதிரையின் கடிதங்களும் ஒட்டியது ஒட்டியபடியே கண்ணாடி அலமாரியில் இருந்தன.

ஒரு நாள் பெட்டியும் கையுமாக அவளே வாசலில் வந்து நின்றாள்.

"கூட்டிட்டு வர ஏங்க வரல? தேதி எழுதியிருந்தேனே!"

"பிரிச்சா மதிப்பு போயிடும்மா."

ஆதிரை அலமாரியைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பிப் போனாள்.

மறுவாரம் அவள் கையெழுத்திட்ட விவாகரத்து மனுவோடு வக்கீல் வந்தார். கதிரேசன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அச்சில்லை, அசல் மை! பூரித்துப்போனார்.

"கீழ நீங்களும் கையெழுத்துப் போடுங்க சார்," என்று வக்கீல் பேனாவை நீட்டினார்.

கதிரேசன் பதறிப்போய் மனுவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"நான் போட்டா கெட்டுப்போயிடுமே சார்!"