இழுத்தால் அவிழும் முடிச்சு

கம்பத்தின் உச்சியில், மடி நிறையப் பூவிதழ்களோடு சுருண்டிருந்த புதுக்கொடிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“என் நீலம் ஆற்றுக்கு, மஞ்சள் நெல்லுக்கு. ஊர் கூடி வைத்த நிறங்கள். உனக்கு என்னப்பா அர்த்தம்?” என்று தன்னைக் கட்டியிருந்த முடிச்சைக் கேட்டது.

“அர்த்தமெல்லாம் எனக்கேது? இழுத்தால் அவிழ்வேன்.”

அதற்குள் பேய்க்காற்று அடித்தது. கூட்டம் இன்னும் சேரவில்லை. இப்போதே பிரிந்தால் பூவெல்லாம் வெறுந்தரையில் கொட்டி மானம் போய்விடும். முடிச்சு பல்லைக் கடித்துக்கொண்டு கொடியைப் பிடித்துக்கொண்டது.

காற்று ஓய்ந்தது, ஊர் திரண்டது. இவ்வளவு இறுக்கிப் பிடித்தவன் இனி விடுவானா என்று கொடி கலங்கியது.

தலைவர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் கொடி விரிந்து, பூச்சொரிந்து பறந்தது.

நன்றி சொல்ல அது ஆசையாகத் திரும்பிப் பார்த்தது. முடிச்சு இருந்த இடத்தில் நேரான கயிறுதான் இருந்தது.

அன்று முழுவதும் கொடி அந்தக் கயிற்றைத் தொட்டுத் தொட்டே பறந்தது.