சர்வேயில் பூஜ்ஜியம்

ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற சகாயமேரியிடம் டேப்லெட்டோடு வந்தாள் பெனிட்டா.

"அக்கா, செல்போன்ல பணத்தை எவ்வளவு பாதுகாப்பா கையாளுறீங்கன்னு சர்வே எடுக்கறோம். எந்த பேங்க்ல கணக்கு இருக்கு?"

"அது இன்னாத்துக்கும்மா உனக்கு?"

"பணம் அனுப்ப எந்த ஆப்?"

"சொல்ல மாட்டேன்."

பெனிட்டா அடையாள அட்டையைக் காட்டினாள்.

"இத்த யார் வேணா அடிச்சிக்கலாமே."

அலுத்துப்போன பெனிட்டா எல்லாக் கேள்விக்கும் 'தெரியாது' என்று பதிந்தாள். பக்கத்தில் நின்ற சக தொழிலாளி ஜெர்சி தன் விவரம் அத்தனையும் ஒப்பித்து முழு மார்க் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வேலையை விட்டுவிட்டு, சர்வேயில் பூஜ்ஜியம் வாங்கியவர்களுக்காகக் கம்பெனி கேன்டீனில் நடந்த விழிப்புணர்வு வகுப்பில் சகாயமேரி உட்கார வேண்டியதாயிற்று.

"முன்பின் தெரியாதவங்க பேங்க் விவரம் கேட்டா என்ன செய்யணும்?" என்றார் பயிற்சியாளர்.

"ஒண்ணும் சொல்லக்கூடாது சார்," என்றாள் சகாயமேரி.

"கரெக்ட். இவ்வளவு தெரிஞ்சவங்க ஏம்மா இந்த வகுப்புக்கு வந்தீங்க?"

"ஒண்ணும் சொல்லலைன்னுதான் சார் அனுப்பிட்டாங்க."