இருட்டு இடம் மாறியது

சுகந்தியின் தலைக்கு மேலே இருக்கும் விளக்கு மட்டும் ஏன் அடிக்கடி அணைகிறது என்று அலுவலகத்தில் யாருக்கும் புரியவில்லை. ஆள் அசைந்தால் எரியும், அசைவில்லை என்றால் தானாக அணையும் புது விளக்குகள் அவை. எலெக்ட்ரீஷியன் விளக்கை மாற்றினார், பிறகு சென்சாரை மாற்றினார். கடைசியில் சுகந்தியையும் பக்கத்து மேசை ரியாஸையும் இடம் மாறி உட்காரச் சொன்னார். இருட்டு சுகந்தியோடு போனது.

"கோளாறு விளக்குல இல்ல மேடம்," என்றார் அவர் தயங்கியபடி.

ரியாஸ் அப்போதுதான் சுகந்தியை உற்றுப் பார்த்தான். ஐம்பத்தாறு வயதான அவருடைய விரல்கள் மட்டும் நகர்ந்தன. கழுத்து, தோள், கால் எதுவும் அசையவில்லை. அவரைப் போல நாளெல்லாம் எழாமல் வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவன் ஆசை.

"வலிக்கலையா மேடம்?"

"உன் வயசுல நானும் காலை ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன் தம்பி. நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்புறவங்களைப் பார்த்துக் கேலியா சிரிப்பேன். அப்புறம் எப்பவோ உடம்பு அசையறதையே விட்டுடுச்சு. இப்ப எந்திரிக்கச் சொன்னாலும் அதுக்குக் கேக்கல."

அன்று மாலை, வேலையில் மூழ்கியிருந்த ரியாஸின் தலைக்கு மேலே விளக்கு அணைந்தது. கையை ஆட்ட நினைத்தான். கை சற்று நேரம் கழித்துத்தான் எழுந்தது.

மேசையில் தலையாட்டி பொம்மை ஒன்றை வைத்தால் ஏசி காற்றில் அது ஆடிக்கொண்டே இருக்கும், ஆள் இருப்பதாக விளக்கு நம்பிவிடும் என்றார் எலெக்ட்ரீஷியன். ரியாஸ் இரண்டு வாங்கி வந்தான்.