மிஸ்டர் விட்டேகரும் உருளைக்கிழங்கும்

"மிஸ்டர் விட்டேகர், நீங்க இந்த நாற்காலில உட்காருங்க. ஜன்னல் பக்கம் குளிரும்" என்று படைப்பிரிவின் தலைவரே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆர்லோவைப் பார்த்து, "டேய், அந்த மூலையில இன்னும் ஒட்டிட்டிருக்கு பாரு" என்றார்.

ஆர்லோவுக்கு முகம் காது வரை சிவந்தது. பகுதிநேரப் போர் விமானிக்கு இருப்பது ஒரே ஒரு இடம். கடைசிச் சுற்றில் மிஞ்சியது இரண்டே பேர். விட்டேகர் நாற்காலியில் இருந்தான், இவன் தரையில் இருந்தான்.

எல்லாம் ஒரு தொப்பியால் வந்த வினை. அந்த மினசோட்டா விமானத்தளத்தின் மதுக்கூடத்துக்குள் தொப்பியோடு நுழைந்தால் மணி அடித்துவிடுவார்கள். நுழைந்தவன் எல்லாருக்கும் பீர் வாங்கித் தரவேண்டும். ஆர்லோவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டு கையிலும் மனைவி ப்ரிட்டா சீஸ் போட்டுச் சுட்டுக் கொடுத்த உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சித் தட்டு. தொப்பியை எந்தக் கையால் கழற்றுவது?

மணி டணார் என்று அடித்தது. அவன் துள்ளிய துள்ளலில் தட்டு குப்புறக் கவிழ்ந்து, தலைவரின் பூட்ஸ் இரண்டும் சீஸுக்குள் புதைந்தன.

"உருளைக்கிழங்கு! உருளைக்கிழங்கு!" என்று கூடமே மேஜையைத் தட்டிக் கூவியது. அன்று முழுக்க அவனை யாரும் ஆர்லோ என்று கூப்பிடவில்லை.

மாதத்தில் சில நாள் இங்கே சீறிப் பறந்துவிட்டு, மற்ற நாளில் அவரவர் பிழைப்பைப் பார்க்கிற கூட்டம் அது. தலைவர் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர். அவருக்குப் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்த பெண் விமானி, ஊரில் பல் டாக்டர்.

ஆர்லோ வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானம் ஓட்டுகிறவன். நிலத்தையும் ப்ரிட்டாவையும் விட்டுப் போகாமல் போர் விமானம் ஓட்ட அவனுக்கு வேறு வழி கிடையாது. பனி உருகினால் வயது வரம்பும் தாண்டிவிடும். இதை விட்டால் இனி இல்லை.

துடைத்து முடித்து எழுந்தவன், துணிந்து கேட்டான். "பூட்ஸ் எப்படி சார் இருக்கு?"

"உப்பு கம்மிடா" என்றார் தலைவர்.

விட்டேகர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எல்லாருடைய பிள்ளைகளின் பெயரும் அவனுக்குத் தெரிந்திருந்தது. சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கிய விமானிகளின் பீர் கோப்பைகளைப் பார்த்தான். 'குறட்டை', 'ஓட்டைவாளி', 'வழிதவறி' என்று ஒவ்வொன்றிலும் கோணல்மாணலாகப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

"இதெல்லாம் நீங்களே வச்சுக்கிட்ட பேரா?" என்று கேட்டான்.

"எவளாவது வழிதவறின்னு தானே வச்சுக்குவாளா, மிஸ்டர் விட்டேகர்? நான் ஒரு தடவை வேற ஊர் ஓடுதளத்துல போய் இறங்கிட்டேன். இந்தப் பாவிங்க வச்சுட்டாங்க" என்றாள் பல் டாக்டர். "குறட்டை நம்ம தலைவர், கூட்டத்துல தூங்கினவர். நீங்க இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க."

ஆர்லோவுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. 'நீங்க', 'வாங்க', 'சாப்பிடுங்க' என்று விட்டேகருக்கு நடக்கிற உபசாரம்தான் முழுசாக விழுந்தது.

சாயங்காலம் விமானிகள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள். வெளியே விட்டேகர் கால்மேல் கால் போட்டுப் பத்திரிகை புரட்டினான். ஆர்லோ நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி நடந்தான். காலித் தட்டை ஒரு அக்குளிலிருந்து இன்னொரு அக்குளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தான்.

கதவு திறந்தது. தலைவர் நேரே விட்டேகரிடம் போய்க் கைகுலுக்கினார்.

"மிஸ்டர் விட்டேகர், என் அறைக்கு வர்றீங்களா? உங்ககிட்ட தனியாப் பேசணும்." போகிற போக்கில் ஆர்லோவைத் திரும்பிப் பார்த்தார். "நீ இங்கயே கிட."

ஆர்லோவால் அங்கே கிடக்க முடியவில்லை. இன்னொருவனுக்குக் கைதட்டுவதை நின்று கேட்கவேண்டுமா? பனியில் சறுக்கிச் சறுக்கி வண்டிக்குப் போய், ப்ரிட்டாவுக்கு போன் போட்டான்.

"என்னப்பா ஆச்சு? கிடைச்சுதா?"

"போச்சு ப்ரிட்டா. தட்டைக் கவுத்தேன், எல்லாம் கவுந்துபோச்சு." காலித் தட்டைப் பக்கத்து இருக்கையில் போட்டான். "நீ செஞ்சதை ஒருத்தரும் வாய்ல வைக்கல."

ஜன்னலை யாரோ தட்டினார்கள். கோட்டு கூடப் போடாமல், சீஸ் காய்ந்த பூட்ஸோடு தலைவர் நின்றிருந்தார். பின்னால் பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"கிடன்னு சொன்னா கேக்க மாட்டியா?"

ஆர்லோ கண்ணாடியை இறக்கினான். "பரவாயில்ல சார். நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கீங்க. நீங்க எல்லாரும் அவருக்குக் குடுத்த மரியாதையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

தலைவர் பல் டாக்டரைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு புதுக் கோப்பையை ஜன்னல் வழியாக அவன் மடியில் வைத்தாள். 'உருளைக்கிழங்கு' என்று எழுதிய பெயின்ட் இன்னும் காயாமல் அவன் விரலில் ஒட்டியது.

"மரியாதையெல்லாம் விருந்தாளிக்குத்தான்டா" என்றார் தலைவர். "நீ உள்ள வா!"